இருக்க வேண்டும்: தாதியரின் பணிப்பற்றும் ஒரு தமிழ் வினையும்

மலாக்கா மாநிலத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தோர்க்குத் ‘தாதி’ என்னும் சொல் பாடநூலின் வழியாகவே அறிமுகமாயிற்று. லயத்து வீடுகளில் நாம் கேட்ட சொற்கள் வேறு. தோட்ட மருந்தகத்தில் இருந்தவர் ‘டிரசர்’. பால்மரம் வெட்டப் போன பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் ‘ஆயா’. அவர் இருந்த இடம் ‘ஆயாக் கொட்டகை’. நகரத்துப் பெரிய மருத்துவமனையில் வெள்ளுடையில் வந்தவர் ‘மிஸ்ஸி’. தமிழ்ப்பள்ளியின் கட்டுரை ஏட்டில்தான் அந்த மிஸ்ஸி ‘தாதி’ ஆனார். ஆனவுடனே சில அடைமொழிகளும் அவரோடு சேர்ந்துகொண்டன: தன்னலமற்ற, தியாகமே உருவான, அர்ப்பணிப்பு மிக்க. இவ்வுரை அவற்றுள் இறுதியாக நிற்கும் ‘அர்ப்பணிப்பு’ என்பதைப் பற்றியது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் முதுகலை மாணவி ஒருவர் தாம் மொழிபெயர்த்த வினாநிரல் ஒன்றை நம்மிடம் கொணர்ந்தார். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றும் தமிழ்த் தாதியர் தத்தம் மருத்துவமனைமீது கொண்டுள்ள பற்றினை ஒப்பிடுவது அவர் நோக்கம். அத்தாதியர் மலாயும் ஆங்கிலமும் நன்கறிந்தவர்களே. எனினும் வீட்டு மொழியில் வினவினால் மனந்திறப்பர் என்பது அவர் எண்ணம். மொழிப்பிழை உண்டா எனப் பார்த்துத் தருமாறு கேட்டார். நாம் ஒற்று மிகுமிடமும் மிகாவிடமும் பார்த்தோம்; இரண்டோர் இடங்களில் வேற்றுமை உருபைத் திருத்தினோம்; ‘பிழையில்லை’ என எழுதிக் கொடுத்தோம். பிழை இருந்தது. அதனை நாம் உணர்ந்தபோது விடைகள் திரட்டப்பட்டுக் கணக்கும் முடிந்திருந்தது. ஆகவே இவ்வுரையைக் காலந்தாழ்ந்த ஒரு திருத்தமாகவும் கொள்ளலாம்.

ஒரு வீட்டில் கேட்ட மூன்று தொடர்கள்

அப்பிழையை நமக்குக் காட்டியது நூலன்று. ஜாசின் வட்டாரத்தில் உள்ள ஒரு வீடு. நாம் சிறுவராயிருந்த காலத்தில் நமக்கு அடுத்த லயத்தில் குடியிருந்த குடும்பம் அது. ரப்பர்க் காடு செம்பனைக் காடான பின்னர்த் தோட்டத்தைவிட்டு வெளியேறிக் குடியிருப்புப் பகுதி ஒன்றில் வீடு வாங்கியவர்கள். அக்குடும்பத்து மகள், நம் நாட்டு மருத்துவமனை ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டுச் சிங்கப்பூர் சென்றவர். அங்குத் தாதியாகப் பதினோர் ஆண்டுகள் ஆகிவிட்டன. தீபாவளிக்கு வந்திருந்தார். தாயார் நீரிழிவால் கால் பெருவிரலை இழந்தவர். புண்ணுக்குக் கட்டு மாற்றக் கிளினிக்கிற்குப் பலமுறை போக வேண்டும். அழைத்துச் செல்ல ஆளில்லை.

நாம் அங்கிருந்தபோது அண்டை வீட்டு அம்மையார் ஒருவர், மகளின் காதில் விழும்படியாகவே, “மகள்னா தாய்கிட்ட இருக்கணும்” என்றார். மகள் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் நம்மைப் பார்த்து, “அங்க இருக்கணும் ஐயா. எனக்கு இங்கதான் இருக்கணும்” என்றார்.

மூன்று தொடர்களுக்கும் முடிக்குஞ்சொல் ஒன்றே. பேச்சில் ‘இருக்கணும்’, எழுத்தில் ‘இருக்க வேண்டும்’. பொருளோ மூன்று. அண்டை வீட்டாரின் தொடர் அறத்தைக் கூறுகிறது: இருப்பதே தகும். மகளின் முதல் தொடர் நிலைமையைக் கூறுகிறது: இல்லாவிட்டால் குடும்பம் நடவாது. இரண்டாந்தொடர் விருப்பத்தைக் கூறுகிறது: இருக்க ஆசை. அதனை விருப்பமெனக் காட்டுவது ‘எனக்கு’ என்னும் நான்காம் வேற்றுமையே. ‘நான் போகணும்’ என்பதும் ‘எனக்குப் போகணும்’ என்பதும் பேச்சுத் தமிழில் ஒன்றல்ல. முன்னது கட்டாயம், பின்னது பெரும்பாலும் ஆவல். ‘நான்’, ‘எனக்கு’ இரண்டும் மறைந்து நிற்குமாயின், கேட்பவர் குரலையும் முகத்தையும் கொண்டே பொருளுணர்கிறார். அச்சிட்ட வினாநிரலுக்குக் குரலுமில்லை, முகமுமில்லை.

‘வேண்டு’ என்னும் வினையின் பழம்பொருள் விரும்புதலே. வள்ளுவர் கடவுள் வாழ்த்திலேயே வேண்டுதல் என்பதை விருப்பு என்னும் பொருளில் ஆள்கிறார். விரும்பிக் கேட்பதால் ‘வேண்டுகோள்’ பிறந்தது; இன்றியமையாததையும் தக்கதையும் குறிக்க ‘வேண்டும்’ என்னும் முற்று நிலைத்தது. இங்ஙனம் ஒரு வினை மூன்று பொருளுக்கு இடங்கொடுப்பது மொழியின் குறையன்று. குறை, அவ்வொரு வினையை நம்பி மூன்று பொருள்களை அளக்க முற்பட்டதில் இருந்தது. மாணவியின் வினாநிரலில் ஏறத்தாழ ஒவ்வொரு வரியும் ‘இந்த மருத்துவமனையில் இருக்க வேண்டும்’ என்ற தொடரைச் சுற்றியே அமைந்திருந்தது.

பற்று, கட்டு, கடப்பாடு

பணிப்பற்று ஒன்றா, பலவா என்பது உளவியலாரும் சமூகவியலாரும் நெடுங்காலமாக ஆராய்ந்த வினா. அமெரிக்கச் சமூகவியலார் ஹோவர்ட் பெக்கர் 1960இல் எழுதிய கட்டுரையொன்றில், ஒருவர் ஓரிடத்தில் தொடர்ந்து இருக்க இருக்க, விட்டுச் சென்றால் இழக்க நேரும் பொருள்கள் சேர்ந்துகொண்டே போகின்றன என்றும், அச்சேர்க்கையே அவரை அங்கு நிறுத்துகிறது என்றும் விளக்கினார். பின்வந்தோர் சிலர், உளமார்ந்த ஈடுபாடே பணிப்பற்று என்றனர். கனடாவைச் சேர்ந்த ஜான் மேயரும் நடாலி ஆலனும் 1991இல் இக்கருத்துகளை ஒன்றுசேர்த்து, பணிப்பற்று மூன்று கூறுகளை உடையது என்றனர். ஒருவர் விரும்புவதால் இருக்கிறார். விட்டுச் செல்ல இயலாமையால் இருக்கிறார். விட்டுச் செல்வது தகாது என்று கருதுவதால் இருக்கிறார். ஒரே ஆளிடம் இம்மூன்றும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கக் கூடும்.

ஜாசின் வீட்டில் நாம் கேட்ட மூன்று ‘இருக்கணும்’ இவையே. இவற்றுக்குத் தமிழில் தனித்தனிச் சொற்கள் முன்னமே உள்ளன. முதலாவதைப் பற்று என்போம். இரண்டாவதைக் கட்டு என்போம். மூன்றாவதைக் கடப்பாடு என்போம். கடப்பாடு வள்ளுவர் ஆண்ட சொல்லே. ‘அர்ப்பணிப்பு’ என்ற ஒரே சொல்லால் மூன்றையும் பெயர்த்தபோது நாம் இவற்றைக் கலந்துவிட்டோம்.

கட்டு என்பது யாதெனத் தோட்டத்தில் வாழ்ந்தோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. டான் சாய் யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதன்பின் எழுந்த தோட்டங்களில் வேலையும் வீடும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும்; வீட்டை விட்டால் பிள்ளைகளின் பள்ளி, கோயில், கடைக்காரரிடம் இருந்த கணக்கு, வாசலில் வைத்த முருங்கை யாவும் போம். விடியுமுன் பிரட்டுக்கு வந்து நின்ற அனைவரும் தோட்டத்தின்மீது காதல் கொண்டு நின்றார்கள் என்று எவரும் சொல்லார். டிரசரின் நிலையும் அதுவே. தோட்ட மருத்துவ உதவியாளரைப் பதிவு செய்யும் சட்டம் 1965இல் இயற்றப்பட்டு அத்தொழிலுக்கு ஒரு வரையறை வந்தது. ஆயினும் அவர் குடியிருந்த வீடு தோட்டத்தின் வீடே. அவருள் பலர் முப்பது ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் இருந்தனர். அதில் பற்று எவ்வளவு, கட்டு எவ்வளவு, கடப்பாடு எவ்வளவு என்று ஆண்டுக்கணக்கைக் கொண்டு மட்டும் கூற முடியாது.

ஒரே ஆட்சி, இரு நாடுகள்

இனி இரு நாடுகளுக்கு வருவோம். மலாக்காவிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். மலாக்கா சென்ட்ரலில் ஏறினால் இறங்குவது அங்கேதான். 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பெயரில் ஒரே ஆட்சியின்கீழ் வந்தன. 1946 வரை அவ்வாறே இருந்தன. பின்னர் 1963இல் மலேசியாவுக்குள் ஒன்றாகி, 1965இல் பிரிந்தன. பிரிந்த பின்னரும் 1973 வரை இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கொன்று சமமாகவே மாற்றப்பட்டன. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கொடுக்க வேண்டும். ‘அங்க இருக்கணும்’ என்று அம்மகள் கூறியதன் பொருளில் இம்மாற்று விகிதமும் அடங்கியுள்ளது. தாயாரின் மருந்துச் செலவும் வீட்டுக் கடனும் அதிலிருந்தே கட்டப்படுகின்றன.

2024ஆம் ஆண்டு இவ்வொப்பீட்டுக்கு நல்ல சான்று. அவ்வாண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் அரசு, பொதுத்துறைத் தாதியர்க்கு ‘ஏஞ்சல்’ என்ற திட்டத்தை அறிவித்தது. 20 ஆண்டுகள் வரை பணியில் தொடர்வோர் இடையிடையே வழங்கப்படும் தொகைகளாக மொத்தம் 100,000 சிங்கப்பூர் வெள்ளி வரை பெறலாம். நான்கு ஆண்டுகள் பணியாற்றிய வெளிநாட்டுத் தாதியரும் இதற்குத் தகுதியுடையர். திட்டத்தின் ஆங்கிலப் பெயர் சில சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது. அச்சொற்களுள் ஒன்று விசுவாசத்தைக் குறிப்பது. ஆனால் திட்டம் இயங்கும் முறையை நோக்கினால், அது பெக்கர் கூறிய கட்டு: இருந்தால் பெறலாம், போனால் இழக்கலாம். பெயர் கடப்பாட்டைச் சொல்கிறது. பணம் கட்டினைச் செய்கிறது. இதனைக் குற்றமாகக் கூறவில்லை. உழைப்புக்கு மேலும் ஊதியம் கிடைப்பது நன்றே. அளக்க வருவோர் பெயரைக் கண்டு மயங்கலாகாது என்பதே நாம் கூறுவது.

மலேசியாவில் அதே 2024 பிப்ரவரி முதல் நாளிலிருந்து, அரசுப் பணியில் புதிதாகச் சேர்வோர்க்கு ஓய்வூதியத் திட்டம் இல்லை. அதற்கு ஈடாக ஊழியர் சேமநிதியில் சந்தா செலுத்தப்படும் என்றாயிற்று. அரசு மருத்துவமனையில் தாதியரை நிறுத்தி வைத்த கட்டுகளுள் ஓய்வூதியம் வலிமை மிக்கது. ‘பென்சன் வரும்’ என்ற ஒரு சொல்லுக்காகவே பல பெற்றோர் மகளை அரசுப் பயிற்சிக்கு அனுப்பினர். சேமநிதியோ ஆள் எங்குச் சென்றாலும் அவர் பெயரிலேயே இருக்கும். அவ்வாண்டு டிசம்பரில், முறைமாற்றுப் பணியிலுள்ள தாதியரின் வேலை நேரத்தை வாரத்திற்கு 42 மணியிலிருந்து 45 மணியாக உயர்த்தும் ஏற்பாடு நடைமுறைக்கு வரவிருந்தது; மலாயாத் தாதியர் சங்கம் உள்ளிட்டோரின் எதிர்ப்பை அடுத்து அது தள்ளிவைக்கப்பட்டது. மூன்று மணி நேரம் சிறிதாகத் தோன்றலாம். இரவு முறை முடிந்து காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு அது சிறிதன்று.

ஆக, ஒரே ஆண்டில் ஒரு நாடு கட்டினை இறுக்கிற்று. மற்றொன்று ஒரு கட்டினைத் தளர்த்திற்று. இந்நிலையில் இரு நாட்டுத் தாதியரிடமும் ‘இங்கே இருக்க வேண்டுமா?’ என வினவி, சிங்கப்பூரில் ‘ஆம்’ மிகுந்திருக்கக் கண்டால், சிங்கப்பூர்த் தாதியர்க்குப் பற்று அதிகம் என முடிவுகட்டலாமா? மலேசியாவில் ‘ஆம்’ குறைந்தால், நம் பெண்களுக்கு அர்ப்பணிப்புப் போதாது எனலாமா? இரண்டும் பிழையாகும். மாறியது கட்டு, பற்றினைப் பற்றி அவ்வெண்கள் ஒன்றும் கூறவில்லை.

பொருள் சிதையாமல் மொழிபெயர்க்க ஒரு வழி உண்டு. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் விளக்கிய மீள்மொழிபெயர்ப்பு முறையில், தமிழாக்கியதை மூலத்தைக் காணாத வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்குவார்; இரண்டு ஆங்கிலமும் ஒத்துள்ளனவா எனப் பார்ப்பர். அதனைச் செய்திருந்தால், விருப்பமாகப் புறப்பட்ட வரிகள் கட்டாயமாகத் திரும்பி வந்திருக்கும். பிழையும் அன்றே வெளிப்பட்டிருக்கும்.

மருத்துவமனையா, தொழிலா

இன்னொரு வேறுபாடும் உண்டு. மேயரும் ஆலனும் கேத்தரின் ஸ்மித் என்பாரோடு சேர்ந்து 1993இல் வெளியிட்ட ஆய்வில், நிறுவனத்தின்மீதுள்ள பற்றையும் தொழிலின்மீதுள்ள பற்றையும் பிரித்துக் காட்டினர். அவ்வாய்வுக்கு அவர்கள் தேர்ந்தவர்கள் தாதிமை பயிலும் மாணவரும் பதிவுபெற்ற தாதியருமே என்பது நமக்குப் பொருத்தமானது. மருத்துவமனையை விட்டவர் தாதிமையை விட்டவர் அல்லர். ஜாசின் மகள் மலாக்காவிலிருந்து சிங்கப்பூர் சென்றது தொழிலை விட அன்று, தொழிலில் நிலைக்க.

தாதியரை நிறுத்துவது எது என்பதற்கும் சான்றுகள் உண்டு. அமெரிக்காவில் தாதியர்க்குக் கடும் பற்றாக்குறை நிலவிய காலத்தில், ஆள் குறையாதிருந்த 41 மருத்துவமனைகளை ஆராய்ந்து 1983இல் அறிக்கை ஒன்று வந்தது. தாதியரை ஈர்த்து வைத்திருந்தமையால் அவற்றைக் காந்த மருத்துவமனைகள் என்றனர். அங்கெல்லாம் தாதியரின் முடிவுக்கு மதிப்பு இருந்தது. மருத்துவரோடு நல்லுறவு இருந்தது. வார்டில் போதிய ஆள் இருந்தது. லிண்டா ஏய்க்கனும் அவர் குழுவினரும் அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஜெர்மனி ஆகிய ஐந்து இடங்களில் 43,000க்கும் மேற்பட்ட தாதியரை வினவி 2001இல் வெளியிட்ட ஆய்விலும், மருத்துவ ஏற்பாடுகள் வேறுபட்டாலும் தாதியரின் குறைகள் பெரிதும் ஒத்திருந்தன. ஆள் போதவில்லை, தம் சொல் ஏறவில்லை என்பனவே அவை. நாட்டுக்கு நாடு குணம் வேறு என்பதைவிட, வார்டுக்கு வார்டு நிலைமை வேறு என்பது உண்மைக்கு நெருங்கியது.

எங்கள், நம்

அன்று அம்மகள் பேசியபோது நாம் மற்றொன்றையும் கவனித்தோம். தாம் முன்பு பணியாற்றிய மலாக்கா மருத்துவமனையை ‘நம்ம ஆஸ்பத்திரி’ என்றார். சிங்கப்பூரிலுள்ளதை ‘எங்க ஆஸ்பத்திரி’ என்றார். கேட்போரையும் உளப்படுத்துவது ‘நாம்’. கேட்போரை விலக்குவது ‘நாங்கள்’. மலாயிலும் இவ்வேறுபாடு ‘கித்தா’, ‘காமி’ என உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. ஆகவே ஆங்கில வினாநிரல் இதனை அளக்க இயலாது.

இதிலிருந்து அவர் உள்ளம் மலாக்காவிலேயே உள்ளது என்று விரைந்து முடிவுகட்டுதலும் கூடாது. நாம் மலாக்காவினர் ஆதலால் ‘நம்ம’ என்பதில் நம்மையும் சேர்த்தார். சிங்கப்பூர் மருத்துவமனையில் நமக்குப் பங்கில்லை ஆதலால் ‘எங்க’ என்றார். இஃது இலக்கணம். ஆயினும் ‘அந்த ஆஸ்பத்திரி’ என்று விலகிக் கூறாமல் ‘எங்க’ என்றதில், அவ்விடத்தாருள் தாமும் ஒருவர் என்ற உரிமை உள்ளது. இரண்டு இடத்தும் உரியவராய் ஒருவர் இருத்தல் இயலும். மொழி அதற்கு இடந்தருகிறது. அண்டை வீட்டார்தாம் தரவில்லை.

அடைமொழியும் வகுப்பறையும்

அண்டை வீட்டாரை மட்டும் குறைகூறுதல் தகாது. அவர் கூறிய ‘இருக்கணும்’ நம் வகுப்பறைகளிலும் கற்பிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இத்தொழிலுக்கு வழங்கும் சொல் செவிலியர். சங்க இலக்கியத்துச் செவிலி தலைவியை வளர்த்த தாய். தாய் எனப்படுபவள் செவிலியே எனத் தொல்காப்பியமும் கூறும். மகள் உடன்போக்கில் சென்றபின் சுரவழியில் தேடிச் செல்பவளும் அவளே. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய நாடுகளில் வழங்கும் ‘தாதி’ வளர்ப்புத்தாயையும் குறிக்கும், பணிப்பெண்ணையும் குறிக்கும். தொழிலுக்குத் தாயின் பெயரை இட்டோம். இட்டதனால் தாயிடம் எதிர்பார்ப்பதை எல்லாம் அத்தொழிலாளியிடமும் எதிர்பார்க்கிறோம். தாய்க்குச் சம்பளம் ஏது, மணிக்கணக்கு ஏது, இடமாற்றம் ஏது?

‘நான் ஒரு தாதி’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் மாணவர் தன்னலமற்ற சேவையை எழுதுவர். நாமும் மதிப்பெண் இடுவோம். அம்மாணவியருள் ஒருத்தி பத்தாண்டுகளுக்குப் பின்னர் உண்மையாகவே தாதியாகி, ஊதியம் கருதி ஊர் மாறும்போது, தான் எழுதிய கட்டுரையே தன்னைக் குற்றஞ்சாட்டக் காண்பாள். கடப்பாடு உயர்ந்ததே, அதனை நாம் மறுக்கவில்லை. பற்றையும் கட்டையும் கூற வழியில்லாதபடி அவ்வொரு சொல்லை மட்டும் அவள் கையில் கொடுப்பதையே மறுக்கிறோம்.

ஆசிரியர்க்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறோம். ‘இருக்க வேண்டும்’ என முடியும் பத்துத் தொடர்களை வீட்டிலும் கடையிலும் கேட்டு எழுதிவரச் செய்க. ஒவ்வொன்றும் விருப்பமா, கட்டாயமா, தகுதியா எனப் பிரித்து, அதே பொருளை ‘வேண்டும்’ வராமல் மீண்டும் எழுதச் செய்க. இருக்க ஆசை, இல்லாவிட்டால் முடியாது, இருப்பதே தகும். வேற்றுமையும் வினைமுற்றும் அதனாலேயே விளங்கிவிடும். மாணவர் தம் வீட்டாரின் சொற்களில் எது எதுவெனப் பிரித்துக் கேட்கவும் பழகுவர்.

நாம் விடைபெறும் வேளையில் அண்டை வீட்டு அம்மையார் போய்விட்டிருந்தார். மகள் உள்ளே தாயாரின் மருந்துகளை நாள்வாரியாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். தாயார் தாழ்ந்த குரலில் நம்மிடம், “அவ எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்” என்றார். அறமுமன்று, கட்டாயமுமன்று, தமக்கென ஓர் ஆசையுமன்று, வாழ்த்து. ‘வேண்டும்’ என்பதற்கு அந்நான்காவது பொருளும் உண்டு. பத்துத் தொடர்களைத் திரட்டிவரும் மாணவருள் எவரேனும் அதனைக் கொணர்ந்தால், அவர்க்குத் தனியொரு கட்டம் வரைந்து கொடுக்க.